பச்சைப் பெட்டி, நீலக் கப்பல், ஒரு கல் குதிரை

போன மாதம் ஒருநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கப்பல் ஏஜென்சியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, ஒரு கூத்து நடக்குதுக்கா. நம்ம கம்பெனியும் எதுத்த கம்பெனியும் ஒண்ணாச் சேந்து கப்பல் ஓட்டப் போறாகளாம். அவுக பெட்டி நம்ம கப்பல்ல ஏறும், நம்ம பெட்டி அவுக கப்பல்ல ஏறும். நாளையிலேர்ந்து ரெண்டு ஆபீசுக்கும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பு. நேத்து வரைக்கும் அவுக கஸ்டமரை இழுக்கத்தானக்கா நமக்குச் சம்பளமே குடுத்தாக? இப்ப அவுகளுக்கு குட் மார்னிங் போடணுமாம். எப்படிப் போடுறது?"

எனக்கு டீ புரையேறிவிட்டது. சிரித்தேன், இருமினேன், மறுபடி சிரித்தேன். என் கணவர் கூடத்திலிருந்து ஓடி வந்து தலையில் தட்டினார்.

"ரோசாப்பூப் படம் வச்சுப் போடு" என்றேன். "அப்புறம் குதிரை கதையைக் கேட்டுக்க."

"எந்தக் குதிரைக்கா?"

அவளுக்குப் போனிலேயே சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. பாதிக் கதையோடு ஒருத்தியை விடுவது பாவம். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் வல்லத்திராக்கோட்டைக்காரி. பெயர் வள்ளிக்கண்ணு. எங்கள் வீட்டில் கடலை என்றால் நிலக்கடலைதான். கடலைப் போய்ப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, புதுக்கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சி கிளை திறக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால் ஆட்டோக்காரர், "புதுக்கோட்டையில கப்பலா? எந்தக் கொளத்துலம்மா?" என்றார். கப்பல் நிற்பது தூத்துக்குடியில்தான். ஆனால் அதில் ஏறுகிற கிரானைட்டும் முந்திரிப்பருப்பும் எங்கள் பக்கத்திலிருந்து போகின்றன. சரக்கு இருக்கும் இடத்தில் ஆள் இருந்தால்தான் வியாபாரம் பிடிக்க முடியும்.

நேர்முகத்தில் மேனேஜர் வைரவன் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கப்பல் பாத்திருக்கீங்களாம்மா?"

"இல்லைங்க சார்."

"நானும் சேர்றப்பப் பாத்ததில்லைங்க. நாளைக்கு வந்துருங்க."

தூத்துக்குடி தலைமைக் கிளையில் கொஞ்ச காலம் பயிற்சி. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி எண், முன்னால் இருப்பவற்றையெல்லாம் ஒரு கணக்குப் போட்டு வருவது. ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு உதைத்து, தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கணக்கு எனக்குப் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. ஊருக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே போகும் லாரிப் பெட்டிகளையெல்லாம் சரிபார்த்துக்கொண்டே வருவேன். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் நான் மந்திரம் முணுமுணுக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்ததுண்டு.

வைரவன் சாரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. மெலிந்த உருவம், வெள்ளை அரைக்கைச் சட்டை. நாற்காலியில் மடித்த கைக்குட்டையை விரித்து, அதன் மேல்தான் உட்காருவார். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். ஆபீசில் தண்ணீர் குடிக்க வரும் பூனையைக்கூட "வாங்க" என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக "சரிம்மா" என்பவர், கோபம் வந்தால் "சரிங்கம்மா" என்பார். இன்னும் ஏறினால் "அப்படிங்களா". உச்சத்துக்குப் போய்விட்டால் "நல்லதுங்க". அந்த "நல்லதுங்க"வைக் கேட்ட கிளார்க் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். அனுப்புகிற ஒவ்வொரு புக்கிங்கையும் எங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். கண்ணை மூடிக் கேட்பார். எங்காவது எண் தடுமாறினால் இமை மட்டும் ஒரு துடிப்புத் துடிக்கும்.

இப்போது எதிர் ஆபீஸ். எதிர் என்றால் நிஜமாகவே எதிர். ஒரே மாடி, ஒரே நடைவழி, இந்தப் பக்கம் எங்கள் கதவு, அந்தப் பக்கம் அவர்கள் கதவு. எங்கள் பெட்டிகள் நீலம், அவர்களுடையவை பச்சை. அங்கே மேனேஜர் செல்லத்துரை சார். ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன். அவர் போனில் பேசினால் எங்கள் மேசைக் கண்ணாடி அதிரும். எங்கள் ஆபீசில் யாராவது கிரானைட் முதலாளியின் பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டால், சாயங்காலத்துக்குள் செல்லத்துரை சார் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நான் பழகியிருந்தேன்.

இரண்டு மேனேஜர்களும் பேசிக்கொள்ளமாட்டார்கள். காரணம் வைரவன் சார் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதுவரை இருவரும் நண்பர்கள்தான். விருந்துக்கு வந்த செல்லத்துரை சார், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரிய கிரானைட் கஸ்டமரோடு பேசிப் பேசி, இலையை மடிப்பதற்குள் அவரைத் தன் கம்பெனிக்கு மாற்றிவிட்டார். அதைக்கூட வைரவன் சார் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"பாயசம் ரெண்டாந்தடவை கேட்டு வாங்குனாருங்கம்மா" என்பார் என்னிடம். "நானே ஊத்துனேன்."

இப்படி இருந்தபோதுதான் குதிரை வந்தது.

பழனியப்பன் அண்ணன் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். மலேசியாவில் ஓட்டல் வைத்திருப்பவர். அங்கே இருக்கும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் கூட்டாக ஓர் அய்யனார் கோயில் கட்டியிருந்தார்கள். கோயில் வாசலில் நிறுத்த ஒரே கல்லில் ஒரு குதிரை. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, காதை விடைத்து, வாயைத் திறந்து நிற்கிற குதிரை. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் அது தயாராகி நின்றது. அவரும் அவர் மனைவி மீனாட்சி அக்காவும் அதை அனுப்பிவைக்க வந்திருந்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குமுன் போய்ச் சேரக்கூடிய கடைசிக் கப்பல் எங்களுடையது.

நான் டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன். குதிரையைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இது சாதாரணக் கண்டெய்னருக்குள் நுழையாது என்று. கதவு உயரத்துக்கு மேல் குதிரைக்குக் கழுத்தே தொடங்கியது. இதற்கு ஃபிளாட் ராக் வேண்டும். அதாவது பக்கச் சுவரும் கூரையும் இல்லாமல், ஒரு கனத்த இரும்புத் தளமும் இரண்டு முனையில் இரண்டு சுவரும் மட்டும் இருக்கிற பெட்டி. எங்கள் கம்பெனிக்கு இந்தக் கரை முழுவதும் அப்படி ஒன்றுகூட அப்போது காலியாக இல்லை. கொழும்பில் கேட்டோம், கொச்சியில் கேட்டோம். இல்லை.

ஆனால் ஒன்று இருந்தது. தூத்துக்குடியில் காலிப் பெட்டிகள் நிறுத்தும் யார்டில், வெயில் காய்ந்துகொண்டு, பச்சை நிறத்தில்.

வைரவன் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிங்களா" என்றார். அதற்குமேல் அவரிடம் நிற்க முடியாது. மறுநாள் அவர் பேங்குக்குப் போன நேரம் பார்த்து, நடைவழியைத் தாண்டி எதிர்க் கதவைத் தள்ளினேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர்கள் ஆபீஸ் முழுவதும் தலைதூக்கிப் பார்த்தது.

"என்னம்மா வள்ளி, கதவு மாறி வந்துட்டியா?" என்றார் செல்லத்துரை சார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க பெட்டிய ஒங்க கப்பல்ல ஏத்தவா? ஒங்க சாருக்கு இது தெரியுமா? தெரிஞ்சா 'நல்லதுங்க'ன்னு சொல்லியே ஒன்னையக் கொன்னுருவாரே!"

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்தார். அந்தப் பருமனான குரல் மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே போனது. அவர்கள் கப்பலுக்கு நடுக்கடலில் எஞ்சின் கோளாறு. தூத்துக்குடியை விட்டுவிட்டு நேரே போகிறதாம். அவரை நம்பி முந்திரிப்பருப்பு ஏற்றிய பெட்டிகள் வழியில் போய்க்கொண்டிருந்தன. போனை வைத்துவிட்டு, நான் எதிரே நிற்பதையே மறந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

போட்டிக் கம்பெனிக்காரி நான். அந்த முந்திரி முதலாளிகளை அப்படியே எங்கள் பக்கம் அள்ளிக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எங்க கப்பல்ல எடம் இருக்குங்க சார். நீங்க பெட்டியக் குடுங்க, நாங்க எடத்தக் குடுக்கிறோம்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரைக் கேட்டுச் சொன்னேன்?

வைரவன் சார் திரும்பி வந்ததும் சொன்னேன். கைக்குட்டையை எடுத்தார், விரித்தார், உட்கார்ந்தார். "நல்லதுங்க" என்றார். ஆபீஸ் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பழனியப்பன் அண்ணனும் மீனாட்சி அக்காவும் படியேறி வந்தார்கள். அக்காவுக்குப் பூசிமெழுகத் தெரியாது.

"குதிரை வருமா வராதா, அதச் சொல்லுங்க. அங்கிட்டு ஊரே காத்துக்கிட்டு இருக்கு. குதிரை வரலைன்னா அய்யனாரு என்ன, ஆட்டோ புடிச்சா வேட்டைக்குப் போவாரு?"

வைரவன் சாரின் இமை துடித்தது. சட்டென்று எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். கதவைத் திறந்து நடைவழியைத் தாண்டினார். நாங்கள் எல்லோரும் பின்னால் போய் வாசலில் கொத்தாக நின்றோம். உள்ளே செல்லத்துரை சார் பதறி எழுந்து, நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அதைத் தூக்கி நிறுத்தி, "உக்காருங்க சார்... என்ன சாப்புடுறீங்க?" என்றார்.

வைரவன் சார் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மிக மரியாதையாகக் கேட்டார்.

"பாயசம் இருக்குங்களா?"

செல்லத்துரை சார் சிரித்தார் பாருங்கள், எங்கள் ஆபீசில் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது எனக்கு இங்கே கேட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வைரவன் சாரின் உதடும் ஓரத்தில் கொஞ்சம் நெகிழ்ந்தது.

இரண்டு தலைமை அலுவலகங்களிலும் அனுமதி வாங்கினோம். "இந்த ஒரு முறைக்கு மட்டும்" என்று இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தையைத்தான் எழுதினார்கள்.

பெட்டி கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு கம்பெனியின் பெட்டியை இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளும்போது, அதில் ஏற்கெனவே இருக்கும் சிராய்ப்பு, நசுங்கல், துரு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்த்துக் குறிக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது புதிய காயம் இருந்தால் எடுத்தவர் பொறுப்பு. வழக்கமாக இதை யார்டு ஆட்கள் செய்வார்கள். இந்தத் தடவை இரண்டு மேனேஜர்களும் தாங்களே செய்வோம் என்றார்கள். பச்சை ஃபிளாட் ராக் பட்டறைக்கு வந்து இறங்கியதும், ஒருவர் நீலச் சாக்பீஸும் இன்னொருவர் சிவப்புச் சாக்பீஸுமாகக் குந்திவிட்டார்கள்.

"இது பழைய நசுங்கல்" என்று வைரவன் சார் ஒரு வட்டம் போடுவார்.

"அது நசுங்கல் இல்ல சார், தயாரிப்புலயே அப்படித்தான்" என்று செல்லத்துரை சார் அழிப்பார்.

"துருவும் தயாரிப்புலயே வருங்களா?"

பட்டறைச் சிற்பிகள் உளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெட்டி முழுவதும் நீலமும் சிவப்புமாக வட்டங்கள். திருவிழாக் கோலம் போட்டதுபோல் இருந்தது. இருவர் வேட்டி, பேண்ட் எல்லாம் சாக்பீஸ் பொடி. எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் எழுந்தார்கள்.

கிரேன் குதிரையைத் தூக்கித் தளத்தில் வைத்தது. அடியில் ரப்பர் விரிப்பு, நான்கு பக்கமும் பூச்சி இல்லை என்று முத்திரை குத்திய மரக்கட்டைகள், சங்கிலி, முறுக்கி இறுக்கும் திருகு. கழுத்தில் ஒரு பட்டை போட வேண்டும் என்று பெட்டியில் சரக்கைக் கட்டுகிறவர் சொன்னதும் ஸ்தபதி குறுக்கே வந்து நின்றார். "அய்யனாரு குதிரைக்குக் கழுத்துல கயிறு போடக் கூடாதுங்க." பீடத்தோடும் வயிற்றோடும் மட்டும், உள்ளே கம்பளித் துணி வைத்து, பட்டையால் கட்டினோம். குதிரை கழுத்தை வீசி நிமிர்ந்து நின்றது. நான் காது நுனி வரை அளந்து, படம் வரைந்து, கப்பலுக்கு அனுப்பினேன். இதன் தலைக்கு மேல் எந்தப் பெட்டியும் வைக்க முடியாது. ஆகவே மேல்தளத்தில் உச்சி வரிசைதான். கேப்டன் ஒப்புக்கொண்டார்.

விடிந்ததும் டிரெய்லர் கிளம்பியது. பெட்டி என்னுடையது, நான் கூட வருவேன் என்றார் செல்லத்துரை சார். சரக்கு என்னுடையதுங்க, நான் வருவேன் என்றார் வைரவன் சார். எங்கள் கார் பட்டறை வாசலிலேயே கிளட்ச் போய் நின்றுவிட்டது. ஆகவே செல்லத்துரை சாரின் ஜீப்பிலேயே மூவரும் ஏறினோம். பழனியப்பன் அண்ணனும் அக்காவும் டிரெய்லருக்கு முன்னால் வாடகைக் காரில்.

நாங்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. திறந்த டிரெய்லரில் கல் குதிரை ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு வந்தால், புதுக்கோட்டை மாவட்டத்தில் அதை யார் சரக்காகப் பார்ப்பார்கள்? சாலையோரம் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். டவுன் பஸ் டிரைவர் இறங்கிச் சூடம் கொளுத்தினார். பூக்காரிகள் ஓடிவந்து மாலையைத் தூக்கி எறிந்தார்கள். டிரைவர் துரைப்பாண்டி தளத்தில் ஏறி அவற்றைக் குதிரைக்குச் சாத்தினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எலுமிச்சை, வேப்பிலை, குங்குமம், அட்சதை அரிசி. ஜீப்பில் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. செல்லத்துரை சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க பெட்டிங்க! எங்க பெட்டி!" என்று பெருமையடித்துக்கொண்டு வந்தார்.

திருமயம் தாண்டி ஓர் ஊரில் டிரெய்லர் நின்றது. நின்றது என்ன, நிறுத்தப்பட்டது. சாலையோரம் அய்யனார் கோயில். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் பூசாரிக்குச் சாமி வந்துவிட்டது. அரிவாளோடு சாலை நடுவே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டுடா எங் குதிரையக் கொண்டு போறீக?"

சுற்றிலும் கூட்டம். இருபக்கமும் வாகனங்கள் அடைத்துக்கொண்டன. துறைமுக வாயில் சாயங்காலம் மூடிவிடும். அதற்குள் போகாவிட்டால் குதிரையும் இல்லை, முந்திரியும் இல்லை. பழனியப்பன் அண்ணன் சாலையில் விழுந்து கும்பிட்டார். "சாமி, ஒன் கோயிலுக்குத்தான் சாமி. கடலுக்கு அங்கிட்டு கட்டியிருக்கோம்."

"எங் குதிரை எப்படிடா கடலைத் தாண்டும்?"

அண்ணன் எங்களைக் கைகாட்டினார். இரண்டு மேனேஜர்களும் ஜீப்பிலிருந்து இறங்கி முன்னால் வந்து நின்றார்கள். நான் பின்னால்.

"கப்பல்ல போகுதுங்க" என்றார் வைரவன் சார். குரல் நடுங்கினாலும் மரியாதை குறையவில்லை.

"யாரு கப்பலு?"

"எங்க கப்பலுங்க."

"இது நிக்கிற இரும்பு யாருது?"

"எங்களுதுங்க சாமி" என்றார் செல்லத்துரை சார். அவர் குரலை அவ்வளவு சன்னமாக நான் கேட்டதே இல்லை.

சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அரிவாளைத் தரையில் ஊன்றியது. "வழியில எங் குதிரைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, யாருடா எனக்குப் பதிலு?"

நான் இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். ஒருவர் பெட்டி, இன்னொருவர் கப்பல் என்றால் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று வக்கீல்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

"பெட்டி அவரோடதுங்க" என்றார் வைரவன் சார்.

"கப்பல் அவரோடதுங்க" என்றார் செல்லத்துரை சார்.

"ரெண்டு பேரும் ஒருத்தன் மேல ஒருத்தன் சொல்லுறதுக்கா எங் குதிரை?" சாமி ஓர் உறுமல் உறுமியது. பறை நின்றுவிட்டது.

வைரவன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; பையில் வைத்தார். கையை நீட்டி, பக்கத்தில் இருந்த செல்லத்துரை சாரின் கையைப் பிடித்தார்.

"ரெண்டு பேரும் பொறுப்புங்க" என்றார். "சேந்து கொண்டு போறோம். ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பேரையும் கேளுங்க."

"ரெண்டு பேரையும் கேளுங்க சாமி" என்றார் செல்லத்துரை சார், பிடித்த கையை விடாமல்.

சாமி அரிவாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டது. பிறகு இருவர் நெற்றியிலும் விபூதியை அள்ளிப் பூசியது. "போங்கடா. ஆனா எங் குதிரை வெறுங்கழுத்தாக் கடலு தாண்டக் கூடாது. மாலையோட போகணும். மாலையோட எறங்கணும்."

பறை மறுபடி முழங்கியது. ஊரே குலவை போட்டது. துரைப்பாண்டி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே டிரெய்லரை எடுத்தார். நான் கிளம்புமுன் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் பூசாரியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். ஏனென்று எனக்கே தெரியவில்லை, வேலைப் பழக்கம்.

தூத்துக்குடி துறைமுக வாயிலில்தான் ஏன் என்று தெரிந்தது. கப்பல் அதிகாரி இறங்கி வந்து குதிரையைப் பார்த்தார். பூ, இலை, பழம், மண் எதுவும் ஏறக் கூடாது. இறக்கும் நாட்டில் பூச்சி தடுப்புக்காரர்கள் பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. குதிரையோ அதற்குள் ஒரு பூக்கடை மாதிரி இருந்தது. வாயில் மூடும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாலையக் கழட்டுனா சாமிக்கு என்ன சொல்றது?" என்றார் செல்லத்துரை சார். கொடுத்த வாக்கை மீறலாமா என்று கேட்கவே இல்லை. அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. வைரவன் சாருக்கும் வரவில்லை.

பூசாரிக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் டீ ஆற்றும் சத்தம்.

"ஐயா, நாங்க குதிரைக்காரங்க. பூமாலை கப்பல்ல ஏறக் கூடாதுங்கிறாக. என்ன செய்யட்டும், சாமியக் கேட்டுச் சொல்லுங்க."

"சாமி அப்பவே மலையேறிருச்சும்மா. நான் டீக்கடையில இருக்கேன், என்னையக் கேட்டா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "சாமி என்ன சொல்லுச்சு? வெறுங்கழுத்தாப் போகக் கூடாதுன்னுச்சு. பூமாலைன்னு சொல்லுச்சா?"

"மாலைன்னுதாங்க சொல்லுச்சு."

"அப்ப பிளாஸ்டிக் மாலையப் போடும்மா! அதுவும் மாலைதான?"

நான் சொல்லி முடிப்பதற்குள் செல்லத்துரை சார் ஓட ஆரம்பித்துவிட்டார். அந்த உடம்போடு அவர் ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் வைரவன் சார் சட்டைக்கை ஏது, அரைக்கைதான், அதையும் மடித்துவிட்டுக்கொண்டு, தீயணைப்புக் குழாயைக் கேட்டு வாங்கினார். முந்திரிப் பெட்டிகள் கொண்டுவந்த பச்சைக் கம்பெனி டிரைவர்கள், எங்கள் யார்டு ஆட்கள், பழனியப்பன் அண்ணன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்ட மீனாட்சி அக்கா, நான், எல்லோரும் ஏறிக் குதிரையைக் குளிப்பாட்டினோம். காதுக்குள் இருந்த அரிசியை அக்கா ஊக்கால் நோண்டி எடுத்தார். குங்குமத் தண்ணீர் எல்லோர் மேலும் வழிந்தது. அதிகாரி முதலில் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "அந்தக் குளம்புக்கு அடியில ஒரு இலை" என்று விரலால் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு பெரிய பிளாஸ்டிக் சாமந்தி மாலையோடு செல்லத்துரை சார் வந்து சேர்ந்தார். ஏணி வைத்து அவரே ஏறி, குதிரை கழுத்தில் போட்டார். காற்றில் பறந்துவிடாமல் வைரவன் சார் கீழே நின்றபடி கட்டவேண்டிய இடங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வாயில் மூடுவதற்குச் சற்று முன்னால் டிரெய்லர் உள்ளே நுழைந்தது. அதன் பின்னால் முந்திரிப் பெட்டிகள் வரிசையாக நுழைந்தன. செல்லத்துரை சார் தன் பெட்டிகளை முன்னால் அனுப்பியிருக்கலாம். "குதிரை போனாத்தான் நாங்க" என்று கடைசி வரை ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

மறுநாள் கப்பல் கிளம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினோம். நீலப் பெட்டிகளின் மேலே பச்சைத் தளம், அதன் மேலே குதிரை. தூரம் போகப் போகப் பெட்டிகள் மங்கிவிட்டன. தூக்கிய இரண்டு கால்கள் மட்டும் வெகு நேரம் தெரிந்தன.

அதன் பிறகு நாங்கள் நல்லபடியாகப் போட்டியைத் தொடர்ந்தோம். செல்லத்துரை சார் எங்கள் கஸ்டமர்களை இழுத்தார், நாங்கள் அவருடையவர்களை இழுத்தோம். ஆனால் ஒருவருக்குப் பெட்டி தட்டினாலோ இன்னொருவருக்கு இடம் தட்டினாலோ, நடைவழியைத் தாண்டிக் கேட்டோம். இன்று வெளிநாட்டில் பெரிய மேசைகளில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்களே, அதைத்தான் நாங்கள் வேப்பிலையும் குங்குமமுமாகச் செய்து பார்த்தோம். நிவேதாவுக்கு என் யோசனை இதுதான்: குட் மார்னிங் போட்டுவிட்டு, அவர்களிடம் இல்லாதது எது, உன்னிடம் இல்லாதது எது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்.

கதையின் கடைசியை விட்டுவிட்டேனே, அந்தக் கும்பாபிஷேகத்தன்று காலை மலேசியாவிலிருந்து பழனியப்பன் அண்ணன் போன் செய்தார். இரண்டு ஆபீஸ்காரர்களும் நடைவழியில் கூடிவிட்டோம். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே உறுமியும் மேளமும் குலவையும். "எறங்கிருச்சு! மாலையோட எறங்கிருச்சு! நிக்கிது பாருங்க, நிக்கிது!" என்று அண்ணன் கத்தினார். போனுக்குள் மேளம் ஏற, செல்லத்துரை சார் முதலில் தோளை ஆட்டினார். அப்புறம் காலை. வைரவன் சார் கைக்குட்டையை எடுத்தார். நாற்காலியில் விரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார். அவ்வளவுதான், கிளார்க், டிரைவர், பியூன், நான், எல்லோரும் குதித்தோம். அந்தப் பழைய மாடி திமுதிமுவென்று அதிர்ந்தது.

கீழே ஸ்வீட் கடைக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு. "என்னங்க இது, மைசூர்பாகு தட்டு முழுக்கக் காரை உதிர்ந்து கெடக்கு. என்ன விசேசம்?"

யாருக்கும் ஆட்டத்தை நிறுத்தமுடியவில்லை. "குதிரை போய்ச் சேந்துருச்சுங்க!" என்று மட்டும் கத்தினார் வைரவன் சார். ஆம், கத்தினார்.

கடைக்காரர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். எதுவும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தலையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அவரும் ஆட வந்துவிட்டார்.